ஆழ்கடல் எண்ணெய் வயல்: முதலில் எண்ணெயின் குணம், பிறகுதான் இரும்பு

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் இருக்கும் மும்பை ஹை வயலில் கடலின் ஆழம் 75 மீட்டர் அளவுதான். 1974-ல் கண்டுபிடிக்கப்பட்டு 1976-ல் எண்ணெய் தரத் தொடங்கிய அந்த வயலை வைத்துத்தான் இந்த நகரம் கடல் எண்ணெய்த் தொழிலைக் கற்றது. பவாயிலும் ஐரோலியிலும் பேலாப்பூரிலும் வரைபடம் போடுகிறவர்களில் பலருக்குக் கை பழகியது அந்த ஆழத்துக்குத்தான்: கடலடியில் ஊன்றிய இரும்புக் கால்கள், அவற்றின்மேல் மேடை, மேடையில் கிணற்றுத்தலை. வால்வு கசிந்தால் ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் ஆள் போய் ஸ்பானர் போட்டுவிட்டுத் திரும்பலாம். நரிமணம் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்து இங்கே வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கோ, லாரியே கிணற்றடி வரை போகும் என்பதுதான் மனதில் பதிந்திருக்கும்.

காக்கிநாடாவுக்கு அப்பால் இருக்கும் ஆழ்கடல் வயல்களின் வேலையும் இதே மும்பை மேசைகளுக்கு வருகிறது. அங்கே கணக்கு வேறு. நம் நாட்டு விதிகளில் 400 மீட்டருக்கு மேல் ஆழ்கடல், 1500 மீட்டருக்கு மேல் மிகை ஆழ்கடல். கிணற்றுத்தலை கடலடியில் இருக்கும். முக்குளிப்பவர் போக முடியாது. எதைத் தொடுவதானாலும் ஆர்ஓவி என்கிற ரோபோவின் இரும்புக் கையால்தான். சுற்றிலும் 3 முதல் 7 டிகிரிக் குளிர். குளிரும் கை எட்டாமையும்தான் ஆழ்கடல் வயலின் எல்லா முடிவுகளையும் எடுக்கின்றன. அதனால் வேலையின் வரிசை எண்ணெயின் குணம், வெப்பக் கணக்கு, குழாய் அமைப்பு, கிணறு, கடைசியில் எண்ணெயைப் பெறும் மிதக்கும் கப்பல் என்று போக வேண்டும். பல திட்டங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. கப்பலுக்கு முதலில் கையெழுத்தாகும்; அதில், குழாய் உறையாமல் காக்கும் மெதனாலின் தொட்டிக்குப் போதிய இடமில்லை என்பது இரண்டு வருடம் கழித்துத் தெரியவரும்.

மாதிரி எடுக்கும்போதே வயல் பாதி தீர்மானமாகிவிடும்

கண்டுபிடிப்புக் கிணற்றுக்குப் பிறகு வயலின் அளவை உறுதிசெய்ய இன்னும் இரண்டு மூன்று கிணறு தோண்டுவார்கள். மண்ணடுக்கு நிபுணர்களுக்கு அதில் கோர் என்கிற பாறைத் துண்டு வேண்டும், லாக் என்கிற அளவீட்டுப் பதிவு வேண்டும். குழாய்ப் பக்கம் வேலை செய்பவர் அந்த நேரத்தில் சண்டை போட்டாவது வாங்க வேண்டியது எண்ணெய் மாதிரி. கிணறு தோண்டும் கப்பலான ட்ரில்ஷிப்பின் வாடகை, சந்தை சூடாக இருக்கும்போது, நாளொன்றுக்கு 4 லட்சம் டாலரைத் தாண்டும். மாதிரி சுத்தமாக வர இன்னும் 6 மணி நேரம் பம்ப் ஓட வேண்டும் என்றால் 1 லட்சம் டாலர் செலவு. "போதும், கருவியை மேலே எடுங்கள்" என்று அழுத்தம் வரும். வளைந்து கொடுக்காதீர்கள். எண்ணெய் கலந்த ட்ரில்லிங் மண் (தோண்டும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றுத் திரவம்) மாதிரிக்குள் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் ஆய்வக எண்களை நம்ப முடியாது. அந்த மண்ணில் உள்ள இலேசான எண்ணெய் மெழுகைக் கரைத்துவிடும். ஆய்வகம் "28 டிகிரியில் மெழுகு பிரிகிறது" என்று எழுதும். உண்மையில் அது 36 டிகிரியில் பிரிந்துகொண்டிருக்கும். அந்த 8 டிகிரிக்கு இன்சுலேஷன் போடும் வாய்ப்பு பிறகு வராது.

ஒவ்வொரு அடுக்கிலும் அழுத்தம் குறையாமல் காக்கும் நைட்ரஜன் அறை கொண்ட புட்டி குறைந்தது மூன்று வேண்டும். ஒன்று கசிந்தாலும் மற்ற இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவை தவிர, வாயு பிரிந்த எண்ணெய் 20 லிட்டராவது வேண்டும். மெழுகு, உறைதல், குழம்பு ஆகிய சோதனைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் தீனி. ஹைட்ரஜன் சல்பைடை ரிக்கிலேயே அளந்துவிடுங்கள். புட்டியின் எஃகுச் சுவர் அதை உறிஞ்சிக்கொள்வதால், மும்பை வந்து சேரும்போது "இல்லை" என்று ரிப்போர்ட் வரும்.

எல்லோரும் மறப்பது அடுக்கின் தண்ணீரை. அதில் பேரியம் இருந்து, அழுத்தம் காக்க நாம் செலுத்தும் கடல் நீரின் சல்பேட்டோடு சேர்ந்தால், பேரியம் சல்பேட் படிவு கிணற்றை அடைக்கும். அமிலத்தில் அது கரையாது. கடல் நீரில் லிட்டருக்கு 2700 மில்லிகிராம் அளவில் சல்பேட் உண்டு. அதை 40-க்குக் கீழே கொண்டுவரும் மெம்பரேன் அலகு கப்பல் டெக்கில் பெரிய இடம் கேட்கும்; கப்பலைக் கடைசியில் முடிவு செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வகத்துக்கு இரண்டு நிபந்தனைகள் எழுதிக் கொடுங்கள். ஒன்று, சோதனைக்கு முன் எண்ணெயை 80 டிகிரி வரை சூடாக்கி, பழைய மெழுகுப் படிகங்களை முழுக்கக் கரைக்க வேண்டும். இரண்டாவது, குளிர்விக்கும் வேகம் குழாயில் நடக்கப்போகும் வேகமாக இருக்க வேண்டும். மெழுகு எண்ணெயின் குணம் மார்கழித் தேங்காய் எண்ணெயின் குணம்தான்: எந்த டிகிரியில் நிற்கிறது என்பதோடு, எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தது என்பதும் கணக்கு.

வெப்பக் கணக்கு

வங்கக் கடலில் 1000 மீட்டர் ஆழத்தில் 6–7 டிகிரி, 2000 மீட்டரில் 3 டிகிரி அளவு. கிணற்றிலிருந்து 60, 70 டிகிரியில் வரும் எண்ணெய்க்கு இரண்டு ஆபத்து. முதலாவது மெழுகு. இரண்டாவது ஹைட்ரேட்: எரிவாயுவும் தண்ணீரும் அழுத்தத்தில் சேர்ந்து உறையும் கட்டி. 100 பார் அழுத்தத்தில், சாதாரண எரிவாயுக் கலவைக்கு 18–20 டிகிரியிலேயே அது உருவாகத் தொடங்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டுக்குள் சுமார் 160 கன மீட்டர் எரிவாயு அடைபட்டிருக்கும்.

எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்வரை கவலை குறைவு. நின்றால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். மென்பொருளைத் திறப்பதற்கு முன் கையால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் 200 மில்லிமீட்டர், சுவர் 20 மில்லிமீட்டர் உள்ள எஃகுக் குழாய். உள்ளே எண்ணெய் நிறைந்து நிற்கிறது. ஒரு மீட்டர் நீளத்தில் எண்ணெய் 27 கிலோ, எஃகு 108 கிலோ. இரண்டும் சேர்ந்து டிகிரிக்கு ஏறத்தாழ 105 கிலோஜூல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். நிற்கும்போது 55 டிகிரி, வெளியே 5 டிகிரி. வெப்பக் கடத்து எண், அதாவது யு மதிப்பு, சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 4 வாட் என்றால் (நல்ல ஈர இன்சுலேஷன் இந்த அளவில் வரும்) 30 டிகிரிக்கு இறங்க 8 மணி நேரம். குழாய்க்குள் குழாய் வைத்து, நடுவில் இன்சுலேஷன் அடைத்து யு மதிப்பை 1-க்குக் கொண்டுவந்தால் 32 மணி நேரம்.

வாயு மட்டும் நிற்கும் மேட்டுப் பகுதியில் எண்ணெயின் வெப்பம் கிடையாது. எஃகின் வெப்பம் மட்டுமே. அங்கே நேரம் பாதியாகும். சராசரியைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடலடிக் கருவிகளை இணைக்கும் குட்டையான ஜம்பர் குழாயின் கனெக்டர், வால்வின் உடல், சென்சார் பொருத்திய மூக்கு ஆகிய இன்சுலேஷன் விட்டுப்போன இடங்கள் அதைவிட முன்னால் குளிரும். வயலின் உண்மையான குளிர்நேரம் அந்தச் சின்ன இடத்தின் நேரம்தான்.

அடுத்த கணக்கு, உறைந்த எண்ணெயைத் தள்ளுவது. தேவையான அழுத்தம் = 4 × உறைவலிமை × நீளம் ÷ உள்விட்டம். உறைவலிமை 20 பாஸ்கல், நீளம் 10 கிலோமீட்டர், விட்டம் 0.2 மீட்டர் என்றால் 40 பார். பம்ப் தாங்கும். அதே எண்ணெய் இன்னும் இரண்டு நாள் கிடந்து 50 பாஸ்கல் ஆனால் 100 பார். மேலே உள்ள பம்ப்பால் அதைத் தர முடியுமா, குழாய் அதைத் தாங்குமா என்பதை இப்போதே பார்க்க வேண்டும்.

மும்பை ஹை பழக்கம் அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது கணக்கில். ஆழம் குறைந்த கடலில் ஹைட்ரேட் பயம் வந்தால் குழாயின் அழுத்தத்தை இறக்கிவிடுவார்கள், வேலை முடிந்தது. ஆழ்கடலில் மேலே அழுத்தத்தைச் சுழியம் ஆக்கினாலும், கடலடியிலிருந்து கப்பலுக்கு ஏறும் குழாயான ரைசரில் நிற்கும் 1000 மீட்டர் எண்ணெய் நிரலே கடலடியில் 80 பாருக்கு மேல் கொடுக்கும். அது ஹைட்ரேட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆகவே "அழுத்தம் இறக்கிக் காப்பாற்றுவோம்" என்று எழுதியிருந்தால் அந்த ஆவணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

குழாய் அமைப்பு

இந்தக் கணக்குகள் முடிந்ததும் குழாய் அமைப்பு தானே வெளிப்படும். 12 அங்குலக் குழாய் ஒன்று போதும் என்று தோன்றும் இடத்தில், 8 அங்குலக் குழாய் இரண்டைப் போட்டு, பல கிணறுகளின் எண்ணெய் சேரும் மேனிஃபோல்டில் வளையமாக இணைப்பதே மெழுகு எண்ணெய்க்குச் சரி. குறுக்குப் பரப்பு ஏறக்குறைய அதேதான் (128-க்கு 144). ஆனால் வளையம் இருந்தால் குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்யும் பிக் என்கிற கருவியைக் கப்பலிலிருந்து அனுப்பித் திரும்பப் பெறலாம். வாயு பிரிந்த எண்ணெயைச் சுற்றவிடலாம். ஒரு கால் அடைத்தால் மறு பக்கத்திலிருந்தும் அணுகலாம். ஒற்றைக் குழாயில் இதில் எதுவும் முடியாது. செலவு கூடும். அந்தச் செலவைக் குறைக்கிறேன் என்று சொல்பவரிடம், உறைந்த குழாயை எப்படித் திறப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

2024 ஜனவரி 7 அன்று முதல் எண்ணெய் தந்த ஓஎன்ஜிசியின் கேஜி (கிருஷ்ணா-கோதாவரிப் படுகை) 98/2 வயலில் மெழுகுக்காகவே குழாய்க்குள் குழாய் முறையைக் கையாண்டார்கள். அது எடை கூடியது. போடும் கப்பலின் இழுவைத் திறன் அதற்கேற்ப வேண்டும். உள்குழாய் சூட்டில் நீளும்போது வெளிக்குழாய் பக்கவாட்டில் நெளியும். கடலடியில் எங்கே நெளிய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து, அங்கே ஸ்லீப்பர் என்கிற குறுக்குக் கட்டை வைத்து நெளிய விட வேண்டும். விட்டுவிட்டால் அது தனக்கு வசதியான இடத்தில் நெளியும்.

பிக் ஓடுவதற்கு வழிநெடுக உள்விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். வளைவின் ஆரம் விட்டத்தைப் போல் 5 மடங்கு. மெழுகுப் படலம் 2 மில்லிமீட்டரைத் தாண்டும் முன் பிக் அனுப்பிவிடுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். 10 கிலோமீட்டர் குழாயில் அது 12 கன மீட்டர் மெழுகு. தாமதமான பிக் அதையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு போய்த் தானே அடைப்பாகிவிடும். நடுவில் ஓட்டை உள்ள பைபாஸ் பிக் அந்த மெழுகைக் கரைத்துக் கலக்கிக்கொண்டே போகும்.

கிணறுகள்

எத்தனை கிணறு, எங்கே என்பது மண்ணடுக்கின் கேள்வி. கேஜி-டி6 வயலின் டி1, டி3 பகுதிகளில் 2009 ஏப்ரலில் எரிவாயு வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எதிர்பார்த்தார்கள். 2010-ல் அது 6 கோடியைத் தொட்டது. பிறகு இறங்கிக்கொண்டே போய் 2020 பிப்ரவரியில் நின்றது. கிணறுகளுக்குள் தண்ணீரும் மணலும் ஏறின. ஆற்றுப் படிவம் போலத் துண்டு துண்டாகக் கிடக்கும் அடுக்கில், சோதனைக் கிணறு காட்டும் அழுத்தம் அடுத்த துண்டுக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே எல்லாக் கிணற்றையும் ஒரே மூச்சில் தோண்டாமல், முதல் கட்டம் ஓடிப் பார்த்த பிறகு அடுத்ததைத் தோண்ட மேனிஃபோல்டில் காலி இடங்களை விட்டு வையுங்கள்.

தோண்டும் வரிசை பழையதுதான். முதல் வெளிக்குழாயான 36 அங்குலக் கண்டக்டரைச் சேற்றில் நீரைப் பீச்சியடித்தே 60–80 மீட்டர் இறக்கி, பிறகு 20 அல்லது 22 அங்குலக் கேசிங் (கிணற்றுச் சுவர்க் குழாய்), அதன் தலையில் 18¾ அங்குலக் கிணற்றுத்தலை, மேலே, கிணறு பொங்கினால் மூடும் 15,000 பிஎஸ்ஐ பிஓபி. சிக்கல் என்னவென்றால், மேலே பாறைக்குப் பதிலாகத் தண்ணீர்ச் சுமை இருப்பதால் பாறை சீக்கிரம் உடையும். கீழிருந்து தள்ளும் அழுத்தத்துக்கும் பாறை உடையும் அழுத்தத்துக்கும் இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும். ட்ரில்லிங் மண்ணின் எடை கொஞ்சம் கூடினால் அது பாறைக்குள் ஓடிவிடும். கொஞ்சம் குறைந்தால் கிணறு பொங்கும்.

பாதுகாப்பு வால்வைக் கடலடிக்கு 400 மீட்டர் கீழாவது வைக்க வேண்டும். மண்ணின் வெப்பம் 100 மீட்டருக்கு 4 டிகிரி ஏறுமானால், அங்கேதான் 20 டிகிரி கிடைக்கும். அதற்கு மேலே வைத்தால் கிணறு நின்றதும் ஹைட்ரேட் வால்வின் மேலேயே உட்காரும். கேசிங்குகளுக்கு நடுவில் அடைபட்ட திரவம் உற்பத்திச் சூட்டில் விரிந்து நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் ஏறுவது இன்னொன்று. மேடைக் கிணற்றில் வால்வைத் திறந்து இறக்கலாம். கடலடிக் கிணற்றில் அந்த வழி இல்லை. உடையும் தகடு, நசுங்கும் நுரை, சிமென்ட்டை வேண்டுமென்றே குறைவாக விடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கேசிங் ஆர்டரிலேயே எழுத வேண்டும்.

2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் 1500 மீட்டர் ஆழத்தில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். எண்ணெயை நிறுத்த 87 நாள் ஆயிற்று. சிமென்ட் பிடித்ததா என்று பார்க்கும் எதிர் அழுத்தச் சோதனையில் வந்த எண்ணை அன்று இரவு தவறாகப் படித்தார்கள். "எந்த எண் வந்தால் நிற்க வேண்டும்" என்பதைச் சோதனைக்கு முந்தைய நாளே எழுதிக் கையெழுத்து வாங்குவது அதிலிருந்து வந்த நடைமுறை.

கடலடிக் கருவிகள்

கிறிஸ்மஸ் ட்ரீ என்று சொல்லும் வால்வுத் தொகுதி ஒன்று 40–60 டன். ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர 18–24 மாதம். எஃகு ஃபோர்ஜிங்தான் தாமதம். அதனால் ட்ரீயை எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். ஒரு கிணற்றுக்கு மட்டும் "கொஞ்சம் மாற்றி" என்று கேட்டால் உதிரி ட்ரீ அதற்குப் பயன்படாது.

இந்தக் கருவிகள் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். டூப்ளெக்ஸ் எஃகிலும், இரு வேறு உலோகம் சேரும் வெல்டிலும், துருவைத் தடுக்க வைத்த அலுமினிய ஆனோடு உண்டாக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து விரிசல் விடும். அந்த வெல்டில் இழுவிசையைக் குறைத்து, பூச்சைக் கவனமாகப் போட வேண்டும். அடுத்தது ஹைட்ராலிக் திரவத்தில் தூசு. கப்பலிலிருந்து மின்சாரமும் ஹைட்ராலிக் திரவமும் கொண்டுபோகும் அம்பிலிக்கலின் எஃகுக் குழாய்களை எவ்வளவு கழுவினாலும், தரையில் இணைக்கும்போது மூடி இல்லாமல் ஒரு மணி நேரம் விட்டால் போதும், கடலடியில் சோலினாய்டு வால்வு சிக்கும். மூன்றாவது மின் கனெக்டர்: அதன் இன்சுலேஷன் மின்தடையை நிறுவிய நாளிலிருந்தே எழுதி வாருங்கள். திடீரென்று விழாது, மாதக்கணக்கில் சரிந்து காட்டும்.

ட்ரீ, மேனிஃபோல்ட், ஜம்பர், கட்டுப்பாட்டு அலகு எல்லாவற்றையும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இருப்பது போன்ற ஒரு யார்டில் தரையில் பொருத்தி, ஆர்ஓவியின் கருவியையும் வைத்துத் திருகிப் பார்க்க வேண்டும். கால அட்டவணை நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தச் சோதனைதான். கைப்பிடி ஆர்ஓவிக்கு எட்டவில்லை என்பதை யார்டில் கண்டுபிடித்தால் ஒரு கட்டிங் டார்ச் வேலை; கடலில் கண்டுபிடித்தால் கப்பல் நாட்கள்.

கப்பலும் ரைசரும்

இப்போதுதான் எஃப்பிஎஸ்ஓ, அதாவது எண்ணெயைப் பிரித்துச் சேமித்து இறக்கிக் கொடுக்கும் மிதக்கும் கப்பல். வங்கக் கடலில் ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் இரண்டும் புயல் காலம். கப்பல் புயலைத் தாங்கி நிற்பதா, கழற்றிக்கொண்டு விலகுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கழற்றுவதென்றால் குழாய்களை அதற்கு முன் ஹைட்ரேட், மெழுகிலிருந்து காக்கும் நேரமும் புயல் எச்சரிக்கைக்குள் அடங்க வேண்டும். டெக்கில் மெதனால், சூடான எண்ணெய்த் தொட்டி, சல்பேட் அலகு ஆகிய மூன்றுக்கும் மேலே போட்ட கணக்கிலிருந்து இடம் ஒதுக்குங்கள்.

ரைசர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை இந்த நகரத்தில் யாரும் அலட்சியமாகப் பேச முடியாது. 2005 ஜூலை 27-ல் மும்பை ஹை வடக்கு மேடையில் ஒரு துணைக் கப்பல் ரைசரில் மோதியது. தீ பிடித்து இரண்டு மணி நேரத்தில் மேடையே போயிற்று. 22 பேர் இறந்தார்கள். சரக்குப் படகு வந்து நிற்கும் பக்கத்தில் ரைசர் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் காப்புச் சட்டமும், படகு எவ்வளவு நெருங்கலாம் என்ற எல்லையும் வேண்டும்.

கடலில் வேலை

கடலில் குழாய் போடும் காலம் கிழக்கே டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை என்று திட்டமிடுங்கள். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகும். தவறவைப்பது பெரும்பாலும் காகிதம். வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்குக் காஞ்சூர்மார்க்கில் உள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம், கடற்படையின் கடல்சார் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் அனுமதி, இறக்குமதிச் சலுகைக்கான சான்றிதழ், 2008-ம் வருடத்துக் கடல்சார் பெட்ரோலியப் பாதுகாப்பு விதிகளின்படி எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமான ஓஐஎஸ்டியின் ஒப்புதல். மாலுமி ஒருவர் மாறினாலும் பட்டியல் மாறும். இதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். பொறியாளர் ஓய்வு நேரத்தில் செய்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம்.

மேனிஃபோல்ட் உட்காருவது சக்ஷன் பைல் மேல்: 5–6 மீட்டர் விட்டம், 15–25 மீட்டர் நீளம், அடி திறந்த உருளை. சேற்றில் தன் எடையால் இறங்கிய பிறகு, உள்ளே உள்ள நீரை உறிஞ்சினால் வெளி அழுத்தமே மீதியை அமுக்கும். குழாய் போடும்போது வளைவில் நசுங்கி நீர் புகுந்தால் எடை ஒரே கணத்தில் பல மடங்காகும். குழாயை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் கிளாம்பும் அந்த நீர் நிறைந்த எடையைத் தாங்குமா என்று கப்பலை எடுக்கும் முன்னரே கேளுங்கள். ஜம்பரை மட்டும் முன்கூட்டிச் செய்துவிடக் கூடாது. இரண்டு முனையும் கடலடியில் உட்கார்ந்த பின், ஒலி அலை வைத்து ஆர்ஓவி அளந்து கொடுக்கும் தூரத்துக்கும் கோணத்துக்கும் கரையில் வெல்டு செய்து எடுத்துப் போக வேண்டும்.

பிறகு வடிகட்டி மருந்து கலந்த கடல் நீரால் நிரப்பி, அளவுத் தகடு கட்டிய பிக் விட்டு, 24 மணி நேரம் அழுத்தச் சோதனை. நீரை வெளியேற்றும்போது நைட்ரஜன் என்று வழக்கப்படி எழுதுவார்கள். 1500 மீட்டரில் அந்த நைட்ரஜன் 150 பாரைத் தாண்டித் தள்ள வேண்டும். கம்ப்ரசர்கள் டெக்கை நிறைக்கும். எண்ணெய்க் குழாய்க்கு டீசல் போதும், அதற்கு முன்னால் நீரை ஈர்க்கும் கிளைகால் திரவத்தைக் கொஞ்சம் விட்டு.

நின்றால் என்ன செய்வது

இதை வடிவமைப்பின்போதே எழுத வேண்டும். இயக்கும் குழு வந்த பிறகு எழுதினால் தேவையான குழாயும் தொட்டியும் இருக்காது. 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேனிஃபோல்ட், 8 அங்குல வளையம் என்று வைத்துக்கொண்டால் நேரம் இப்படிப் போகும். முதல் 3 மணி நேரம் எதையும் தொடாமல், கோளாறைச் சரிசெய்து திரும்ப ஓட்டப் பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த 3 மணி நேரத்தில் ட்ரீ, ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வால்வான சோக், ஜம்பர் என்று சீக்கிரம் குளிர்கிற இடங்களுக்கு முதலில் மெதனால். பிறகு வளையத்தில் உள்ளதை வாயு பிரிந்த எண்ணெயால் தள்ளி மாற்றுவது: 20 கிலோமீட்டர் நீளம், நொடிக்கு 1 மீட்டர் என்றால் ஐந்தரை மணி நேரம், எண்ணெய் 630 கன மீட்டர். ஆக மொத்தம் பதினொன்றரை மணி. யு மதிப்பு 4 உள்ள குழாய் 8 மணியில் 30 டிகிரியைத் தொட்டுவிடும். அது இங்கே தேறாது. குழாய்க்குள் குழாய், வாயு நிற்கும் மேட்டில் 16 மணி என்று எடுத்தாலும் தேறும். கப்பலில் சூடான எண்ணெய் 750 கன மீட்டராவது எப்போதும் இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது.

இதில் ஒரு வலை இருக்கிறது. மாற்றி நிரப்பும் எண்ணெய் நம் வயலின் மெழுகு எண்ணெயாகவே இருந்தால் ஹைட்ரேட் போகும், உறைதல் போகாது. டீசல் வேண்டும், அல்லது உறைநிலை தாழ்த்தும் மருந்து கலந்திருக்க வேண்டும். அந்த மருந்தை மெழுகு பிரியும் வெப்பத்துக்கு மேலேயே, முடிந்தால் கிணற்றுக்குள்ளேயே, சேர்த்தால்தான் பலன். படிகம் உருவான பிறகு சேர்ப்பது பணத்தைக் கடலில் கொட்டுவது.

ஹைட்ரேட் அடைத்தே விட்டால், இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்தம் இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் கட்டி கழன்று, அழுத்தத்தோடு பறந்து, வளைவில் குழாயையே உடைக்கும். மேலிருந்து சூடு காட்டுவதும் ஆபத்து: நடுவில் உருகி அடைபட்ட வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கலாம். வாரங்கள் ஆகும். அவசரப்படுத்துகிறவரைக் கட்டுப்பாட்டு அறைக்குள் விடாதீர்கள்.

முதல் எண்ணெய்

வளையத்தில் சூடான எண்ணெயைச் சுற்றவிட்டு, கப்பலுக்குத் திரும்பும் முனையில் மெழுகு பிரியும் வெப்பத்தைத் தாண்டிய பிறகே கிணற்றைத் திறக்க வேண்டும். சோக்குக்கு முன்னால் மெதனால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கிணற்றுத்தலையில் சேர்ந்திருக்கும் வாயு குறுகிய சோக்கில் விரியும்போது சுழியத்துக்குக் கீழே வெகுதூரம் குளிரும். ட்ரீ எஃகின் வெப்ப வகுப்பு −29 டிகிரி வரைதான் என்றால், சோக்கின் பின்பக்க அழுத்தத்தை முதலில் ஏற்றிவிட்டுத் திறக்கவும். கிணற்றடி அழுத்த வீழ்ச்சியைப் படிக்கு 5–10 பார் மட்டும் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் மணல் ஒலிமானி அமைதியாகும்வரை காத்திருங்கள். ஜல்லி நிரப்பிய மணல் தடுப்பு உடைவது பெரும்பாலும் இந்த முதல் இரண்டு நாட்களின் அவசரத்தில்தான். உடைந்தால் அந்தக் கிணற்றுக்கு மறுபடியும் ட்ரில்ஷிப் வர வேண்டும்.

கிணற்றுத்தலை வெப்பம் ஹைட்ரேட் எல்லையைத் தாண்டி நிலையாக நின்றதும் மெதனாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். ரைசரில் திரவம் கட்டிக் கட்டியாக வந்து பிரிப்பான் மட்டம் ஏறி இறங்கினால், கப்பல் முனைச் சோக்கை இறுக்குவது அல்லது ரைசர் அடியில் திரவத்தை மேலே தூக்கச் செலுத்தும் லிஃப்ட் வாயுவைக் கூட்டுவது; கிணற்றுச் சோக்கைத் தொட வேண்டாம். இரண்டாவது கிணற்றைத் திறப்பது, முதல் கிணற்றின் எண்ணெய் கப்பலில் 40 டிகிரிக்கு மேல் 24 மணி நேரம் நிலையாக வந்த பிறகு.